அந்நியத் திறைசேரியும் ஆப்கானிஸ்தானும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதுவோர் அந்நாட்டைப் 'பேரரசுகளின் இடுகாடு' என்று வருணிப்பது வழக்காகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரித்தானியரும், இருபதாம் நூற்றாண்டிற் சோவியத் ஒன்றியமும், இருபத்தோராம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவும் அங்கு படை நடத்திப் பின்வாங்கினமை இவ்வருணனைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து இத்தொடர் விளக்குவதிலும் பார்க்க மறைப்பதே மிகுதி எனத் தெரியவரும். 1842இல் காபூலிலே படுதோல்வி கண்ட பிரித்தானியர் அடுத்த ஆண்டே சிந்துவையும், 1849இற் பஞ்சாபையும் தம் ஆட்சிக்குட் கொணர்ந்தனர். அவர்தம் பேரரசு அதன் பின்னரும் ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 2001இன் பின் நிகழ்ந்த இருபதாண்டுப் போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 2,400 பேர் இறந்தனர். ஆப்கானியப் படையினரும் பொலிசாருமாக அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பொதுமக்களுள் மாண்டோரும் பல்லாயிரவர். இடுகாட்டிற் கிடப்பவர் யாவர் என்பதை இவ்வெண்களே கூறும்.

ஆகவே, அந்நியப் படைகள் ஏன் தோற்றன என்ற வினாவை விடுத்து, அவை வந்துபோனதனால் ஆப்கானிய ஆட்சியாளருக்கும் ஆப்கானிய மக்களுக்குமிடையே இருந்த உறவு என்னவாயிற்று என்ற வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. படையெடுப்புகளிலும் பார்க்க அவற்றின் முன்னும் பின்னும் வந்த உதவிப்பணமே அந்நாட்டின் அரசமைப்பை ஆழமாகப் பாதித்தது என்பதும், கல்வி, கலை, தொல்பொருள் முதலான பண்பாட்டுத் துறைகள் போர்க்களமாக மாறியமைக்கும் அதுவே ஒரு முக்கிய காரணம் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

அரசின் தோற்றமும் அதன் வருவாயும்

இந்துகுஷ் மலைத்தொடராற் பிளவுண்டு கிடக்கும் இந்நிலப்பரப்பிற் பஷ்தூன், தாஜிக், ஹஸாரா, உஸ்பெக், துருக்மென், பலூச் முதலாய பல இனத்தவர் வாழ்கின்றனர். பஷ்தூவும் பாரசீகத்தின் கிளையான தாரியும் பெருவழக்கிலுள்ள மொழிகள். பெரும்பாலோர் சுன்னி முஸ்லிம்கள். ஹஸாராக்களுட் பெரும்பகுதியினர் ஷியாப் பிரிவினர். நீர்ப்பங்கீடு, நிலத்தகராறு, இரத்தப்பழி என்பனவற்றை ஊர்ப் பெரியோர் கூடும் 'ஜிர்கா' தீர்த்து வைத்தது. அரசன் என்பவன் தொலைவிலே இருந்தான்.

இன்றைய ஆப்கானிய அரசின் தொடக்கம் 1747 ஆகும். அவ்வாண்டு கந்தகாரில் அரசனாகத் தெரிவுசெய்யப்பட்ட அஹ்மத் ஷா துரானி, பஞ்சாப், காஷ்மீர், சிந்து ஆகிய வளமிகு பகுதிகளின் திறையைக் கொண்டே தன் அரசை நடத்தினான். தன்னைத் தெரிவுசெய்த பஷ்தூன் குலத்தவரிடம் அவன் வரி அதிகம் கேட்கவில்லை. மாறாக, அவர்களுக்கே கொள்ளைப் பொருளிற் பங்களித்தான். வெளியிலிருந்து பொருள் கொணர்ந்து உள்நாட்டில் அமைதியை வாங்குதல் என்ற இம்முறை, ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அங்கு வேரூன்றியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1819இல் காஷ்மீரும் பின்னர் பெஷாவரும் சீக்கிய மன்னன் ரஞ்சித் சிங்கின் வசமானபோது அந்த வருவாய் வற்றியது. வற்றிய இடத்தை நிரப்ப முன்வந்தது பிரித்தானியரின் திறைசேரி.

ஷா ஷுஜாவும் எரிந்த கடைத்தெருவும்

ருஷ்யா இந்தியாவை நோக்கி நகர்கிறது என்ற அச்சத்தினாற் பிரித்தானியர் 1839இல் ஆப்கானிஸ்தானுட் புகுந்தனர். அமீர் தோஸ்த் முகம்மதை அகற்றி, லூதியானாவிலே இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமது உதவிச் சம்பளத்தில் வாழ்ந்துவந்த ஷா ஷுஜாவை அரியணையேற்றினர். நகரங்கள் எளிதில் வீழ்ந்தன. ஆனால் புதிய மன்னனின் ஆட்சி பிரித்தானியத் துவக்குகளிலும், கணவாய்களைக் காத்த கில்ஸாய்த் தலைவர்களுக்கு வழங்கப்பட்ட கொடைப்பணத்திலுமே தங்கியிருந்தது. செலவு மிகுந்துவிட்டதெனக் கருதிய அதிகாரிகள் 1841இல் அப்பணத்தைக் குறைத்தனர். கில்ஸாய்கள் உடனே கிளர்ந்தெழுந்து கணவாய்களை மூடினர். அவ்வாண்டு நவம்பரில் அலெக்சாண்டர் பேர்ன்ஸும் டிசெம்பரில் வில்லியம் மக்நாட்டனும் காபூலிற் கொல்லப்பட்டனர். 1842 ஜனவரியிற் பின்வாங்கத் தொடங்கிய ஏறத்தாழ 4,500 படையினரும் 12,000 ஏவலாளரும் பனியிலும் கணவாய்த் தாக்குதல்களிலும் அழிந்தனர். ஜலாலாபாத்தை அடைந்த வைத்தியர் பிறைடனின் உருவம் பின்னாளில் ஓர் ஆங்கில ஓவியத்தாற் புகழ்பெற்றது. ஆனால் மாண்டோரிற் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் அவர்தம் குடும்பத்தினரும் பணியாளருமே. அவர்களுக்கு ஓவியமில்லை.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் மீண்டும் வந்த பிரித்தானியப் படை, பழிவாங்கும் பொருட்டுக் காபூலின் 'சார் சத்தா' என்னும் மூடுகூரைக் கடைத்தெருவை அழித்தது. பதினேழாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட அக்கடைத்தெரு மத்திய ஆசியாவின் பெருவணிகக் கூடங்களுள் ஒன்று. அதே வேளையில் ஆளுநர் நாயகம் எலன்பரோவின் ஆணைப்படி, கஸ்னியிலே மஹ்மூதின் கல்லறையிலிருந்த மரக்கதவுகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவை சோமநாதபுரத்திலிருந்து கொள்ளையிடப்பட்ட கோயிற் கதவுகள் என்றும், இந்துக்களுக்கு மீட்டளிக்கப்படுகின்றன என்றும் அவர் பறைசாற்றினார். பின்னர் நோக்கியபோது அவை கஸ்னிப் பிரதேசத்துத் தேவதாரு மரத்திற் செய்யப்பட்டவை எனத் தெரிந்தது. சோமநாதபுரத்துக்குச் செல்லாமல் ஆக்ராக் கோட்டையிலே அவை தங்கிவிட்டன. ஒரு நாட்டின் கல்லறையைச் சிதைத்து மற்றொரு நாட்டின் சமயப்பகையை வளர்க்க முனைந்த இச்செயல், பண்பாடு போரின் கருவியாக்கப்பட்டமைக்குத் தெளிவானதோர் உதாரணமாகும்.

ஷா ஷுஜா 1842 ஏப்ரிலிற் கொலையுண்டான். எவரை அகற்றுவதற்காகப் போர் தொடங்கிற்றோ அந்தத் தோஸ்த் முகம்மதே 1843இல் மீண்டும் அமீரானார்.

இரும்பு அமீரும் இலட்சக்கணக்கான ரூபாவும்

இரண்டாம் போர் (1878–1880) வேறு விதமாக முடிந்தது. 1880 யூலையில் மைவந்த் களத்திற் பிரித்தானியர் தோற்றபோதும், அப்துர் ரஹ்மான் கானை அமீராக ஏற்று, நாட்டின் வெளிவிவகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு வெளியேறினர். 1883 முதல் அவருக்கு ஆண்டுதோறும் 12 இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. 1893இல் டியூரண்ட் எல்லைக்கோட்டை அவர் ஏற்றபோது அத்தொகை 18 இலட்சமாக உயர்ந்தது. பஷ்தூன் மக்களை இரு கூறாக்கிய அக்கோடு ஏறத்தாழ 2,600 கிலோமீற்றர் நீளமானது. இன்றுவரை தீராத எல்லைப் பிணக்கொன்று அவ்வாறு தோன்றியது.

அப்துர் ரஹ்மான் வலுவான மைய அரசொன்றை உருவாக்கியவர் என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அவ்வலு எதனாற் கிடைத்தது என்பதே வினா. பிரித்தானியப் பணமும் படைக்கலங்களும் அவருக்கு ஒரு நிலையான சேனையை அளித்தன. அச்சேனையைக் கொண்டு 1891 முதல் 1893 வரை ஹஸாராக்களை அடக்கினார். அவர்களிற் பலர் கொல்லப்பட்டனர், பலர் அடிமைகளாயினர், பலர் குவெட்டாவுக்கும் மஷ்ஹதுக்கும் ஓடினர். 1895–96இற் காபிரிஸ்தான் கைப்பற்றப்பட்டு, அதன் மக்கள் இஸ்லாத்துக்கு மாற்றப்பட, அந்நிலம் நூரிஸ்தான் எனப் பெயர் பெற்றது. குடிமக்களின் இசைவை நாட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இசையாதவரை அடக்கும் வசதியை அயலார் அளித்திருந்தனர்.

1885இல் ஹிராத்தில் நிகழ்ந்ததும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. தைமூர் வம்சத்து அரசி கவ்ஹர் ஷாத் பதினைந்தாம் நூற்றாண்டிற் கட்டுவித்த முஸல்லாத் தொகுதி இஸ்லாமியக் கட்டடக்கலையின் சிறந்த படைப்புகளுள் ஒன்று. ருஷ்யப் படை வரக்கூடும், அப்போது பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டும் என்ற பிரித்தானிய அதிகாரிகளின் ஆலோசனையின் பேரில், அமீரின் ஆணைப்படி அதன் பெரும்பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சியவை சில மினாராக்களும் ஒரு கல்லறைக் கட்டடமுமே. ருஷ்யப் படை வரவேயில்லை.

அமானுல்லாவின் தோல்வி

1919இல் நடந்த மூன்றாம் போரின் பயனாக அமீர் அமானுல்லா முழுச் சுதந்திரத்தைப் பெற்றார். அத்துடன் பிரித்தானிய உதவிப்பணமும் நின்றது. முதன்முறையாக ஆப்கானிய அரசு தன் மக்களின் வரியிலேயே வாழ வேண்டியதாயிற்று. அறிஞர் மஹ்மூத் தார்சியின் வழிகாட்டலில் அமானுல்லா மேற்கொண்ட சீர்திருத்தங்கள் பெரியன. பெண்களுக்கான பாடசாலை திறக்கப்பட்டது; 1923இல் அரசியலமைப்பு இயற்றப்பட்டது; அடிமை முறை ஒழிக்கப்பட்டது; 1928இல் மாணவிகள் சிலர் துருக்கிக்குக் கல்விகற்க அனுப்பப்பட்டனர். இவை யாவும் ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் தம் நாட்டின் அறிஞருடன் கூடித் தாமே வகுத்த திட்டங்கள். அந்நியர் சுமத்தியவை அல்ல.

எனினும் அவை தோற்றன. முல்லாக்களின் பழைமைப் பற்றே காரணம் எனக் கூறுவது எளிது. ஆனால் நிலவரி பலமடங்கு உயர்த்தப்பட்டுப் பணமாக அறவிடப்பட்டதையும், கட்டாயப் படைச்சேவையையும், அதிகாரிகளின் கையூட்டையும் கிராமத்தவன் சீர்திருத்தத்தோடு சேர்த்தே கண்டான். அவனுக்குப் பாடசாலையும் வரிகாரனும் ஒரே வழியால் வந்தனர். மக்களோடு பேரம்பேசி வரிபெறும் பழக்கம் அவ்வரசுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. அப்பழக்கத்தை ஒரு பத்தாண்டில் உருவாக்கிவிட முடியவில்லை. 1929 ஜனவரியில் அமானுல்லா முடிதுறந்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஆட்சிக்கு வந்த நாதிர் ஷா பிரித்தானியரிடமிருந்து பணமும் துப்பாக்கிகளும் பெற்றார். கிராமங்களை அவற்றின் போக்கிலே விட்டார். பெண்கல்வி பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது.

பனிப்போரும் பாடநூல்களும்

ஸாஹிர் ஷாவின் நாற்பதாண்டு ஆட்சி (1933–1973) அமைதிக் காலமாக நினைவுகூரப்படுகிறது. காபூற் பல்கலைக்கழகம் வளர்ந்தது. 1964இற் புதிய அரசியலமைப்பு வந்தது. ஆனால் அவ்வமைதியின் செலவை ஏற்றவர் யார்? சோவியத் ஒன்றியம் ஸலாங் சுரங்கப்பாதையை அமைத்தது. ஐக்கிய அமெரிக்கா ஹெல்மந்த் நீர்ப்பாசனத்துக்கும் தெற்கு நெடுஞ்சாலைக்கும் உதவியது. 1960களில் அரசின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்தே வந்தது. நிலவரி அற்பமாயிற்று. பட்டம் பெற்ற இளைஞர் காபூலிலே பெருகினர். அவர்களுக்கும் கிராமங்களுக்குமிடையே பாலம் ஒன்றுமில்லை. அவ்விளைஞருள் ஒரு சாரார் கொமியூனிஸ்டுகளாகவும் மறுசாரார் இஸ்லாமிய இயக்கத்தினராகவும் ஆயினர். இரு சாராரும் ஒரே பல்கலைக்கழகத்தின் விளைபொருள்களே.

1978 ஏப்ரிலில் ஆட்சியைக் கைப்பற்றிய மக்கள் சனநாயகக் கட்சி, கடன் ஒழிப்பு, மணக்கொடைக் கட்டுப்பாடு, நில உச்சவரம்பு என ஆணைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. நிலத்தைப் பங்கிட்டது, நீரையும் விதையையும் கடனையும் பங்கிட வழிவகுக்கவில்லை. எதிர்த்தோர் ஆயிரக்கணக்கிற் சிறையில் மாண்டனர். 1979 மார்ச்சில் ஹிராத் கிளர்ந்தெழுந்தது. டிசெம்பரில் சோவியத் படை புகுந்தது. அமெரிக்கப் பணமும் சவூதிப் பணமும் பாகிஸ்தானிய உளவுத்துறையின் வழியாகப் பெஷாவரில் அங்கீகரிக்கப்பட்ட ஏழு கட்சிகளுக்குப் பாய்ந்தன. காபூலிலிருந்தோர் மொஸ்கோவை நம்பினர். எதிர்த்தோரின் தலைவர்கள் இஸ்லாமாபாத்தை நம்பினர். கிராமத்து ஜிர்காவை நம்பவேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. பத்தாண்டுப் போரில் ஏறத்தாழ பத்து இலட்சம் ஆப்கானியர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது; அறுபது இலட்சம் பேர் வரை பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர்.

அவ்வகதிப் பிள்ளைகளுக்கென அமெரிக்க அரசின் நிதியுடன் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தினூடாகத் தயாரிக்கப்பட்ட பாடநூல்கள், பல்கலைக்கழகத்தார் அனைவரும் சிந்திக்கவேண்டியவை. அந்நூல்களில் எழுத்துகள் புனிதப்போரையும் துப்பாக்கியையும் கொண்டு அறிமுகமாயின. கணிதம் தோட்டாக்களைக் கொண்டு கற்பிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அவை வகுப்பறைகளில் நெடுங்காலம் வழங்கின.

1989 பெப்ரவரியிற் சோவியத் படை வெளியேறியதும் நஜிபுல்லாவின் அரசு உடனே வீழுமென எதிர்பார்க்கப்பட்டது. அது வீழவில்லை, மூன்றாண்டுகள் நின்றது. 1991 இறுதியிற் சோவியத் ஒன்றியம் மறைந்து, பணமும் எரிபொருளும் நின்ற சில மாதங்களில், 1992 ஏப்ரிலிற் சரிந்தது.

நூதனசாலையும் மௌனமும்

அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் காபூலின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. 1993 மே மாதத்தில் தேசிய நூதனசாலையின் மீது எறிகணை வீழ்ந்தது, கூரை எரிந்தது, அதன் சேகரிப்பிற் பத்தில் ஏழு பங்கு வரை கொள்ளைபோயிற்று. அப்பொருட்கள் உலகச் சந்தையில் விலைபோயின, வாங்கியோர் அயல்நாட்டவர். 2001 மார்ச்சில் பாமியானில் 55 மீற்றரும் 38 மீற்றரும் உயரமான புத்தர் சிலைகளைத் தலிபான்கள் தகர்த்தனர். இதனை இஸ்லாத்தின் இயல்பான விளைவெனக் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். ஆயிரமாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்கள் அச்சிலைகளின் நிழலில் வாழ்ந்தனர். பாமியான் மக்கள் அவற்றை ஸல்ஸால், ஷாமாமா என்னும் காதலராக்கிக் கதை புனைந்து, தமதாக்கிக் கொண்டனர். அச்சிலைகளை அழித்தோர் அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவரல்லர்; அவருட் பலர் அகதி முகாம்களிலும் எல்லைப்புற மதரஸாக்களிலும் வளர்ந்தவர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1978–79இல் தில்யா தெப்பேயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொன்னணிகள், போர் முற்றியபோது காபூல் மாளிகையின் நிலவறையில் மறைத்துவைக்கப்பட்டன. அதனை அறிந்த சிலர் ஆட்சிகள் மாறியபோதும் வாய் திறக்கவில்லை. 2003இலேதான் அவை பத்திரமாயிருப்பது உலகுக்குத் தெரிந்தது. எந்த அந்நியத் திறைசேரியும் அந்த மௌனத்தை விலைகொடுத்து வாங்கியதில்லை.

முடிவாக

2001இன் பின் அமைந்த குடியரசு பல நன்மைகளைச் செய்தது. இலட்சக்கணக்கான பெண்பிள்ளைகள் பாடசாலை சென்றனர். நூதனசாலையில் உடைந்த சிலைகள் பொறுமையுடன் ஒட்டப்பட்டன. ஆனால் அதன் பொதுச்செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அயல்நாடுகளே ஏற்றன. 2020 பெப்ரவரியில் தோஹாவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையில் அமெரிக்காவும் தலிபானுமே ஒப்பமிட்டனர். காபூல் அரசு அதிற் பங்காளியாக இருக்கவில்லை. 2021 ஓகஸ்ட் 15இல் அது வீழ்ந்தது. பின்னர் பாடசாலையின் மேல்வகுப்புகளும் 2022 டிசெம்பரிற் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. நாட்டின் சொந்த ஒதுக்கத்தில் ஏறத்தாழ 700 கோடி டொலர் நியூயோர்க்கில் முடக்கப்பட்டது.

1842, 1992, 2021 ஆகிய மூன்று வீழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அரசு வீழ்ந்த வேகம் அதன் படையின் சிறுமையாலன்றி அதன் வேரின் ஆழமின்மையால் நேர்ந்தது என்பது புலனாகும். இங்கு ஒரு மறுப்பு எழலாம். அமானுல்லா அயலார் பணமின்றி ஆண்டு தோற்றாரே, தலிபான்கள் உள்நாட்டிலே வரி அறவிட்டும் மக்களின் இசைவை நாடவில்லையே எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உள்நாட்டு வரி மட்டும் நல்லாட்சியைத் தந்துவிடாது. ஆளுவோரும் ஆளப்படுவோரும் பேசிப் பழகும் பழக்கமே வேண்டுவது; அந்நியப் பணம் செய்த பெருந்தீங்கு, அப்பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒத்திப்போட ஆட்சியாளருக்கு வசதியளித்தமையே. அதன் விளைவாகப் பெண்கல்வி போன்ற, அம்மண்ணின் அறிஞரே நூறாண்டுகளுக்கு முன் வேண்டிய ஒன்றுகூட, அந்நியரின் சரக்காகத் தோற்றமளிக்கலாயிற்று.

இதனால் அதிகம் இழந்தவர் பேரரசர்களல்லர். பல்கலைக்கழக வாயிலிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட மாணவியே இழந்தவர். 1929இன் பின்னர் துருக்கியிலிருந்து திருப்பியழைக்கப்பட்ட மாணவியருக்கும் அவருக்குமிடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருக்கிறது. அந்நூற்றாண்டின் வரலாற்றை ஆப்கானியரின் 'இயல்பு' என்று கூறி முடித்துவிடுவது வரலாற்று மாணவருக்கு அழகன்று.